ஓரகத்திகளுக்கு ஒரு வார்த்தை

எல்லாரும் சௌக்கியமா? மூட்டு, முதுகு, சர்க்கரை, பிள்ளைகள், மருமகள்கள் எல்லாம் அவரவர் இடத்தில் ஒழுங்காக இருக்கிறார்களா? எனக்கு இடது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. எழுத்து இப்போது பளிச்சென்று தெரிகிறது. தெரிகிறதே என்று சும்மா இருக்க முடியாமல், இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிற ஒரு விஷயத்தைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிட்டேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

அப்போது நான் மரப் பொம்மைப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். நீளமான ஒரே கூடம். ஒரு கோடியில் அறுக்கிற இயந்திரம், நடுவில் வர்ணம் அடிக்கிற மேஜைகள், மறு கோடியில் நாங்கள், பெட்டியில் அடுக்குகிற பெண்கள். பொம்மைகள் எல்லாம் மிருகங்கள்தான். கட்டைவிரல் உயரத்துக்கு யானை, ஆடு, வாத்து, குதிரை. ஒற்றையாக விற்பதில்லை. பெட்டிக்கு இத்தனை என்று சேர்ந்துதான் போகும்.

எதை எத்தனை போட வேண்டும் என்பதை ஜன்னலோரம் இருந்த ஆணிப் பலகை சொல்லும். பலகையில் மிருகத்தின் படம், படத்துக்குக் கீழே ஓர் ஆணி. பொம்மை வண்டிக்கு வெட்டி, கோணல் என்று ஒதுக்கிய சக்கரத்தில் எண்ணை எழுதி அந்த ஆணியில் மாட்டுவார்கள். சக்கரம் என்றால் சுற்றாமல் இருக்குமா? யார் தோளாவது பட்டால் சுற்றிவிடும். ஆறு தலைகீழாக நின்று ஒன்பதாகிவிடும். யானையை ஒன்பது ஒன்பதாக அடைத்து, மூடி மூடாமல் பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்த பெண்கள் நாங்கள்.

அப்போதுதான் நான் முதலாளியம்மாவிடம் சொன்னேன். “எண்ணே வேண்டாங்க. வார்த்தையா எழுதிடலாம். வார்த்தை தலைகீழா நின்னா வேற வார்த்தையா மாறிடாது.”

அவருக்குப் பிடித்துவிட்டது. யானைக்குக் கூட்டம் என்று வைத்தேன், கூட்டம் என்றால் ஆறு. ஆட்டுக்கு மந்தை, பத்து. வாத்துக்கு வரிசை, எட்டு. குதிரைக்குப் படை, நாலு. எறும்புக்குச் சாரை, இருபது. பலகையில் அதற்கப்புறம் எண்ணே ஏறவில்லை. கொஞ்ச நாளில் பட்டறை முழுக்க இதே பேச்சாகிவிட்டது. “ஒரு மந்தை டீ சொல்லிட்டு வா” என்றால் பத்து டீ வரும். பசை காய்ச்சுகிறவளைப் பசையக்கா என்போம், அவளிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால், “அரைக் கூட்டம், அதுவே தாங்கலை” என்பாள். வார்த்தை எல்லாம் நான் வைத்தது. பதினோரு வருஷம் அப்படி ஓடியது. யாரும் என்னை அதற்காகப் பாராட்டவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் எனக்குத் தெரியும், அது போதும் என்று இருந்தேன்.

ஆணிப் பலகைக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று. அதில் பெரியக்கா உட்காருவார். அவர்தான் எங்கள் பகுதிக்குத் தலைமை. சக்கரம் மாட்டுவது, கழற்றுவது, பெட்டியைத் திறந்து சரிபார்ப்பது எல்லாம் அவர் கையில். பெரியக்கா வருஷக் கடைசியில் மகளோடு போய் இருக்கப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த ஸ்டூல் மேல் எனக்கு ஒரு கண். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணும்தான். அப்போது இரண்டும் நன்றாக இருந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவளை வேலையில் சேர்த்துவிட்டேன். சின்னவள் என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. கைப்பிள்ளைக்கு மூன்று வயதானதும், “அக்கா, நானும் வரட்டுமா?” என்று கேட்டாள். பாவம் வீட்டில் அடைந்து கிடக்கிறாளே என்று நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறேன் என்று அப்போது தெரியவில்லை. அவளை மாட்டுக்குக் கொம்பு ஒட்டுகிற மேஜையில் உட்கார வைத்தார்கள். நான் பெட்டி அடுக்குவது போகக் காது ஒட்டுவேன். முந்தி வந்த காதைப் பிந்தி வந்த கொம்பு மறைக்கும் என்பார்களே, அதை எனக்கு யாராவது அன்றைக்கு ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

சின்னவள் வந்து இரண்டு மாதத்தில் முதலாளியம்மா நாலு புது மிருகம் கொண்டுவந்தார். குரங்கு, கிளி, பூனை, காக்கை. மாதிரிகளை மேஜையில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“சொல்லுங்க. இதுங்களுக்கு என்ன வார்த்தை?”

“கூட்டம்தாங்க. குரங்குக் கூட்டம், காக்காக் கூட்டம்.”

“கூட்டத்தை யானைக்குக் கொடுத்தாச்சே. புதுசா வேணும்.”

நான் யோசித்தேன். திரள் என்றேன். கும்பல் என்றேன். எனக்கே ருசிக்கவில்லை. அப்போது கொம்பு மேஜையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சின்னவள் சொன்னாள். “குரங்குக்கு ரகளைன்னு வைங்களேன். ஒரு ரகளை குரங்கு.”

பெயிண்டர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். முதலாளியம்மா சிரித்தார். “சரி, கிளிக்கு?”

“ஒரு வம்பு.”

“பூனைக்கு?”

“ஒரு பாசாங்கு.”

“காக்காவுக்கு?”

“அதுங்க மதில் மேல உக்காந்து என்ன பண்ணுதுங்க? ஒரு பஞ்சாயத்து.”

கூடமே சிரித்தது. அறுக்கிற இயந்திரத்தை நிறுத்திவிட்டு, என்ன சிரிப்பு என்று ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும் இல்லையா? உள்ளே அடுப்பில்லாமலே எரிந்தது. பதினோரு வருஷமாக மந்தை என்கிறேன், வரிசை என்கிறேன். ஒரு பல் தெரிந்ததா யாருக்காவது?

அதோடு விட்டாளா? மனிதர்களுக்கும் வைக்க ஆரம்பித்தாள். பெயிண்டர்களுக்கு “ஒரு தெறிப்பு.” தையல்காரர்களுக்கு “ஒரு நாளைக்கு.” ஏன் என்று கேட்டால், “எப்போ கேட்டாலும் நாளைக்குத்தானே தர்றாங்க” என்றாள். டாக்டர்களுக்கு “ஒரு கிறுக்கல்.” மாப்பிள்ளைகளுக்கு “ஒரு முறைப்பு.” டீ நேரம் வந்தால் எல்லாரும் அவளைச் சுற்றி நிற்பார்கள். “எனக்கு வை, எங்க தெருவுக்கு வை, எங்க நாத்தனாருங்களுக்கு வை.” நாத்தனார்களுக்கு “ஒரு தகவல்” என்றாள். பசையக்கா சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டாள்.

வீட்டிலும் அதேதான். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், எங்கள் மாமியார் காது கேட்கவே, “மாமியாருங்களுக்கு ஒரு குறை” என்றாள். நான் கரண்டியோடு உறைந்துபோனேன். இதை நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டி படுக்கையோடு வாசலில் நின்றிருப்பேன். மாமியாரோ, “போடி வாயாடி, சாதத்தைப் போடு” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். என் வீட்டுக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. “நல்லாத்தான் யோசிக்கிறா” என்று என்னிடமே சொல்கிறார். அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக் குழவியை எடுத்து வயிற்றில் இடித்துக்கொண்டாளாம் ஒருத்தி. எனக்கு அடுத்த வீடு வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

“சரி, ஓரகத்திங்களுக்கு என்ன?” என்று மாமியார் கேட்டார்.

சின்னவள் என்னைப் பார்த்தாள். “அது இன்னும் கிடைக்கலை அத்தை. ரொம்பக் கஷ்டமா இருக்கு” என்றாள்.

வருஷக் கடைசி நெருங்கியது. ஒரு நாள் முதலாளியம்மா சின்னவளைக் கூப்பிட்டு ஆணிப் பலகை முன்னால் நிறுத்தி ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். அவள் தலையாட்டினாள். பெரியக்கா என்னிடம் வந்து மெதுவாக, “அந்தப் பொண்ணு நல்லா வரும்” என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஸ்டூல் எனக்கு இல்லை. அன்று ஒட்டிய யானைக் காதெல்லாம் கோணல். பெயிண்டர் எடுத்துப் பார்த்துவிட்டு, “என்னக்கா, இன்னைக்கு யானைங்க எல்லாம் ஒட்டுக் கேக்குதுங்க போலிருக்கு” என்றார்.

அந்த வாரமே காக்கைக்கு முதல் ஆர்டர் வந்தது. ஒரு மழலையர் பள்ளிக்கு நாற்பது பெட்டி. மறுநாள் அடுக்கி அனுப்ப வேண்டும். அன்று சாயங்காலம் சமையலறையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சின்னவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குக் காது வலி, அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“அக்கா, நாளைக்கு நான் வரலை. இவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். காக்கா ஒன்பது. முதலாளியம்மா என்கிட்டத்தான் சொன்னாங்க, இன்னும் யாருக்கும் தெரியாது. நீங்க சொல்லிடுங்க.”

“ஒன்பதா?”

“ஆமாக்கா. எட்டு பேசணும், ஒண்ணு கேக்கணும். அப்பத்தானே பஞ்சாயத்து.”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வெங்காயம் உரிக்கும்போது முகத்தில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்.

மறுநாள் பெரியக்கா கண் பரிசோதனைக்குப் போய்விட்டார். முதலாளியம்மா வெளியூர். ஆணியில் சக்கரம் தொங்குகிறது, “பஞ்சாயத்து” என்று. பசையக்கா கேட்டாள், “பஞ்சாயத்துன்னா எத்தனை?”

சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரே ஒரு சொல். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைத் திருப்பி உள்ளே அனுப்பினேன்.

“எனக்கென்ன தெரியும்? அவ வெச்ச பேரு, அவளைக் கேளுங்க” என்றேன்.

“அவதான் லீவாச்சே. உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?”

“பிள்ளை அழற அழுகையில அவளுக்கு இதுதான் ஞாபகம் இருக்குமா?”

பசையக்கா கொஞ்சம் யோசித்தாள். “எங்க தெருவுல பஞ்சாயத்துன்னு உக்காந்தா அஞ்சு பேருதான். அஞ்சே போடுங்கடி. லாரி நிக்குது.”

ஐந்து போட்டார்கள். பெட்டி பாதி காலி. ஒருத்தி ஆட்டிப் பார்த்துவிட்டு, “கடகடன்னு ஆடுதே” என்றாள். அப்போதுகூட நான் சொல்லியிருக்கலாம். என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய், அறுக்கிற இடத்திலிருந்து ஒரு சாக்கு மரச்சீவல் கொண்டுவந்தேன். நாற்பது பெட்டியிலும் நானே என் கையால் சீவலை அடைத்தேன். ஆடாமல் நின்றன.

நாலாவது நாள் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி. பெட்டியைத் திறந்தால் காக்கை பாதி, குப்பை மீதி என்று அந்த டீச்சர் கத்தியது எங்களுக்கே கேட்டது. பெட்டிக்கு ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடுகிற விளையாட்டாம் அது. ஒவ்வொரு பெட்டியிலும் நாலு நாலு பிள்ளைகள் காக்கை இல்லாமல் அழுதிருக்கிறார்கள். முதலாளியம்மா எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

“ஒன்பதுன்னு சொல்லியிருந்தேன். யாருகிட்ட சொன்னேன்?”

சின்னவள் ஓரடி முன்னால் வந்தாள். “என்கிட்டங்க.”

“நீ யாருகிட்ட சொன்னே?”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பலகையைப் பார்த்தபடி சொன்னாள். “எழுதி வெச்சுட்டுப் போயிருக்கணுங்க. தப்பு என்னோடதுதான்.”

முதலாளியம்மா, “விளையாட்டு வார்த்தையெல்லாம் டீ நேரத்துக்குத்தான் சரி. பலகைக்கு நிதானம் வேணும்” என்றார். அந்த மாசக் கடைசியில் பெரியக்கா போனதும் ஸ்டூல் எனக்கு வந்தது.

உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. நல்ல காற்று. முதல் காரியமாகப் பஞ்சாயத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். “திரள்” என்று எழுதி மாட்டினேன். ரகளையை எடுத்துவிட்டுக் “கும்பல்” மாட்டினேன். வம்பு, பாசாங்கு இரண்டையும்கூடக் கழற்றி மூலையில் போட்டேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் பசையக்கா குரல் கேட்கிறது, “அக்கா, இங்க ஒரு பஞ்சாயத்து குறையுது.” அந்தப் பக்கத்திலிருந்து, “ரெண்டு ரகளை இங்க அனுப்புங்க.” நான் திருத்துவேன், “திரள்னு சொல்லுங்க.” “சரிக்கா, அந்தப் பஞ்சாயத்துத் திரளை அனுப்புங்க” என்பார்கள். வேறு ஊரிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். பழைய சக்கரங்களை மூலையில் பார்த்து, எது எதற்கு என்று கேட்டுவிட்டு, “ஒரு பாசாங்கு பூனை, அடடா, யார் வெச்சது?” என்றார். கூடத்தில் இருந்த அத்தனை விரலும் கொம்பு மேஜையைக் காட்டின. நான் அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருந்தேன், அந்த ஆள் என்னைப் பார்க்கவே இல்லை.

வீட்டிலாவது அவள் சண்டை போட்டிருக்கலாம். இரண்டு பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “அக்கா, உப்பு சரியா பாருங்க.” “அக்கா, உங்க துணியையும் சேத்து மடிச்சுட்டேன்.” இப்படி ஆறு வாரம். என்னால் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பாத்திரம் தேய்க்க, நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன்.

“ஒன்பதுன்னு எனக்கு ஞாபகம் இருந்துச்சு.”

அவள் கை நிற்கவில்லை. தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

“மறக்கலை. சீவலும் நான்தான் அடைச்சேன்.”

“சீவலுமா?” இப்போதுதான் திரும்பினாள். “நாப்பது பெட்டிக்குமா?”

“நாப்பதுக்கும்.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் குழாயை மூடினேன். “நாளைக்கு முதலாளியம்மாகிட்ட சொல்லிடறேன். அந்த ஸ்டூல் உனக்கு வரவேண்டியது.”

“வேண்டாம்க்கா. எனக்கெதுக்கு அது?”

“ஏன், உன்னைத்தானே கூப்பிட்டுக் காட்டுனாங்க?”

“பலகைல காக்கா படம் எங்க வரையறதுன்னு கேட்டாங்க. ஸ்டூலப் பத்தி யாரு பேசுனா? அதுல ஏறினா எனக்குக் கால் தரையில எட்டாது. நாள் பூரா தொங்கவிட்டு உக்காரணும். மேஜையில உக்காந்தா நாலு பேரோட பேசலாம்.”

அதைக் கேட்டதும் எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே, அவள் சிரிக்க வைத்தபோது வந்ததெல்லாம் அதற்கு முன்னால் தூசு. எதற்காக நான் நாக்கை விழுங்கினேனோ, சாக்கு சுமந்தேனோ, அதை அவள் கால் எட்டாது என்று தள்ளிவிடுகிறாள். போட்டி என்று நினைத்து நான் ஒருத்தியாகவே ஓடியிருக்கிறேன்.

“உனக்குக் கோபமே வரலையா?” என்று கேட்டேன்.

“வந்துச்சு. இப்பவும் இருக்கு. ஒரு வாரம் உங்களோட பேச மாட்டேன்.” அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். பிறகு என் முகத்தை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. “ஆனா ஒண்ணுக்கா. எனக்கு வார்த்தை கிடைச்சிடுச்சு.”

“எதுக்கு?”

“ஓரகத்திங்களுக்கு.”

“என்ன வார்த்தை?”

“சொல்ல மாட்டேன்” என்றாள்.

மறுநாள் காலையில் நான் முதல் ஆளாகப் பட்டறைக்குப் போய், மூலையில் கிடந்த பஞ்சாயத்துச் சக்கரத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். ரகளை, வம்பு, பாசாங்கு மூன்றையும் மாட்டினேன். முதலாளியம்மாவிடமும் சொன்னேன். அவர், அந்த நாற்பது பெட்டிக்கும் அப்போதே திருப்பி அனுப்பிய காக்கைகளுக்கு ஈடாக, அத்தனை காக்கைக்கு நானே வீட்டில் உட்கார்ந்து மூக்கு ஒட்டித் தரச் சொன்னார். நாற்பது பெட்டிக்கு நாலு நாலு, நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஸ்டூல் என்னிடமே இருந்தது. வேறு யாரும் கேட்கவில்லை.

சின்னவள் சொன்னபடி ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள், “அக்கா, உப்பு சரியா பாருங்க” என்றாள். நான் உப்பைப் பார்க்காமல், “அந்த வார்த்தை என்ன?” என்றேன். அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. என் மாமியாருக்குச் சொல்லியிருக்கிறாள், எனக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்துகொண்டு எங்கள் இரண்டு பேரையும் சேர்ந்தாற்போல் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கடைக்குட்டிக் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகி மூன்றாவது ஓரகத்தி வந்தாள். வந்த ஒரே வாரத்தில் அவளுக்குச் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டே சிரித்த சிரிப்பு எனக்குக் கீழே கேட்டது. என் வீட்டுக்காரருக்கும் தெரியும் போலிருக்கிறது. கேட்டால், “எனக்கெதுக்கு வம்பு, நான் கிளியா?” என்கிறார். இப்போது என் பேரப்பிள்ளைகள் மதில் மேல் காக்கைகளைப் பார்த்தால், “பாட்டி, பஞ்சாயத்து வந்திருக்கு” என்கிறார்கள். திரள் என்று நான் எத்தனையோ தரம் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றாவது சொல்கிறதா பாருங்கள்.

கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் என்னோடு இரண்டு நாளும் இருந்தவள் அவள்தான். கட்டைப் பிரித்த பிறகு படுத்திருக்கும்போது கேட்டேன். “இப்பவாவது சொல்லேன்டி. எனக்கு ஏதாவது ஆயிட்டா?”

“கண்ணுக்குத்தானே ஆபரேஷன். காதுக்கில்லையே. அப்புறம் சொல்றேன்” என்றாள், மருந்துச் சொட்டை விட்டபடி.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். உங்கள் வீட்டிலும் ஓரகத்திகள் இருப்பார்கள். இரண்டோ மூன்றோ பேர் ஒரே சமையலறையில் நின்றால் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? யாராவது எதையாவது மறைத்தது, அடைத்தது, அப்புறம் ஒப்புக்கொண்டது இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்று விடாமல் படித்துக் காட்டப் போகிறேன் அவளிடம். எந்த வார்த்தைக்கு அவள் முகம் மாறுகிறது என்று பார்க்கத்தானே கண் சரியாகியிருக்கிறது.